சான்றுடைய திறன்: சிறுநகரங்கள் தம் தொழிலாளரை முன்னிறுத்தும் முறை, ஓசூரை முன்வைத்து



ஒரு நகரம் தொழில் நிறுவனங்களை வரவேற்க அறிக்கை ஆயத்தப்படுத்தும்போது முதலில் நிலத்தையும், அடுத்து நீரையும் மின்சாரத்தையும், பின்னர் நெடுஞ்சாலைக்கும் துறைமுகத்துக்கும் உள்ள தொலைவையும், இறுதியாக அரசு தரும் சலுகைகளையும் எழுதுகிறது. அந்நகரில் உழைத்து வாழ்பவர்களைப் பற்றிய செய்தியோ, இத்தனை பொறியியல் கல்லூரிகள், இத்தனை பாலிடெக்னிக்குகள், இத்தனை ஐ.டி.ஐ. எனும் தொழிற்பயிற்சி நிலையங்கள் என்ற எண்ணிக்கையாகக் கடைசிப் பக்கத்தில் ஒடுங்கிவிடுகிறது. நிலத்தையும் சலுகையையும் பக்கத்து மாவட்டமும் தரும், பக்கத்து மாநிலம் கூடுதலாகவே தரும். ஒரு தலைமுறைக் காலம் பழகிப் படிந்த கைத்திறனை மட்டும் எந்த அரசாணையாலும் ஓராண்டில் உண்டாக்கிவிட முடியாது. அத்தகைய அரிய உடைமை கடைசிப் பக்கத்தில் கிடப்பது ஏன், அதை முதற்பக்கத்துக்குக் கொண்டுவரும் வழி யாது என்பனவே இச்சொற்பொழிவு ஆராயும் கேள்விகள்.

இவ்வுரையின் மையக் கருத்து இது: தொழிலாளர் திறனை முன்னிறுத்துவது சான்று கூறும் பணியாகும், சோதித்துப் பார்க்கத்தக்க சான்று இல்லாத இடத்தில் எவ்வளவு சிறந்த திறனும் கூலிக் கணக்காகவே மதிப்பிடப்படும். திறன் என்னும் சொல் இங்கே பட்டத்தையோ படித்த ஆண்டுகளையோ குறிக்கவில்லை. ஒரு வரைபடத்தைப் படித்து, அது கேட்கும் அளவில், அது அனுமதிக்கும் பிழை வரம்புக்குள், பட்டறையில் ‘டாலரன்ஸ்’ என வழங்கும் அந்த வரம்புக்குள், ஒரு பொருளைத் திரும்பத் திரும்பச் செய்துதரும் ஆற்றலையே குறிக்கிறது. எடுத்துக்காட்டாக ஓசூர் கொள்ளப்படுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்து, 2019இல் மாநகராட்சியான இந்த எல்லையோர ஊர், தன் தொழிலாளரைக் கொண்டே பெரிய நிறுவனங்களை நிலைபெறச் செய்த ஊராகும்.

1. வேலை தருபவரின் ஐயம்

ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் வெளியிட்ட கட்டுரையில், பழைய கார்களின் சந்தையை எடுத்துக்கொண்டு, பொருளின் தரத்தை விற்பவர் அறிந்திருக்க வாங்குபவர் அறியாதிருக்கும்போது நல்ல பொருளுக்கும் சராசரி விலையே கிடைப்பதால் நல்ல பொருள்கள் சந்தையை விட்டு விலகும் என விளக்கினார். இந்நிலை பொருளியலில் தகவல் சமனின்மை எனப்படும். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் இதே சிக்கலை வேலைச் சந்தையில் ஆராய்ந்து, கல்விச் சான்றிதழ் வேலை தருபவருக்கு ஓர் அறிகுறியாகப் பயன்படுகிறது என்றும், திறன் குறைந்தவரும் அதே எளிமையோடு அதைப் பெற முடிந்தால் அந்த அறிகுறி செயலிழந்துவிடும் என்றும் காட்டினார். தனி மனிதருக்குச் சொல்லப்பட்ட இக்கருத்து ஊருக்கும் பொருந்தும். நல்ல பொருத்துநர்களை உடைய ஊரும், சான்றிதழ்களை மட்டும் நிறைய உடைய ஊரும் தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிவதால், அவர் இரண்டுக்கும் ஒரே கூலியைக் குறித்துக்கொண்டு, முடிவை மானியத்தின் அளவுக்கு விட்டுவிடுகிறார்.

ஆனால் திறன் கண்ணுக்குத் தெரியாத பொருள் அன்று. ஐ.டி.ஐ.யின் பொருத்துநர் பிரிவில் பயிலும் மாணவர் ஒரு மென்னெஃகுத் துண்டை வைஸில் பிடித்து அரத்தால் ராவிச் சமப்படுத்தி, அதன்மேல் மூலைமட்டத்தை வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பார்க்கிறார். மட்டத்தின் விளிம்புக்கும் உலோகத்துக்கும் இடையே ஒளிக்கீற்று கசிந்தால் அந்த முகம் இன்னும் சமமாகவில்லை என்று பொருள். மீண்டும் ராவ வேண்டும், ஆனால் ஓர் இழுப்பு மிகுந்துவிட்டால் அளவு குறைந்து துண்டே வீணாகும். இரு துண்டுகளை டவ்டெயில் வடிவில், ஒன்றுக்குள் மற்றொன்று தடையின்றி நழுவவும் ஆட்டம் கொடுக்காமல் நிற்கவும் செய்யும் பயிற்சியில், பல மாதப் பொறுமையும் கண்ணின் கூர்மையும் கையின் அடக்கமும் ஒருங்கே பதிவாகின்றன. மைக்ரோமீட்டரைக் கையிலெடுத்த அனுபவசாலி ஒருவர் அந்தத் துண்டைச் சில நிமிடங்கள் பார்த்தாலே அதைச் செய்தவரின் தரத்தைச் சொல்லிவிடுவார். தேர்வு முடிந்தபின் மதிப்பெண் பட்டியல் கோப்பில் ஏறுகிறது, துண்டு மூலையில் ஒதுங்குகிறது. நிறுவனத்தின் முன் வைக்கத்தக்க சான்று எதுவோ அது ஒதுக்கப்பட்டு, எதைக் கண்டு அந்நிறுவனம் ஐயுறுகிறதோ அது பாதுகாக்கப்படுவதை இப்போதைய முறையின் பெருங்குறை எனலாம்.

2. ஓசூர் காட்டிய வழி

தமிழ்நாடு தொழில் முன்னேற்றக் கழகமாகிய சிப்காட் 1971இல் தொடங்கப்பட்டபின் அமைத்த முதற்கட்டத் தொழிற்பேட்டைகளுள் ஓசூரும் ஒன்று. அன்றைய தருமபுரி மாவட்டத்தில், மானாவாரி வேளாண்மையை நம்பியிருந்த அவ்வட்டாரத்துக்குத் தொழிற்சாலைகள் வந்தமைக்குப் பின்தங்கிய பகுதிக்கான சலுகைகளும், பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் இருந்ததும் காரணங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. 1980இல் அசோக் லேலண்டின் ஆலையும், டி.வி.எஸ். 50 மொபெட்டின் உற்பத்தியும் அங்கே தொடங்கின. இவை ஓசூருக்குக் கொண்டுவந்தவற்றுள் ஊதியத்தைவிட நெடிதாக நிலைத்தது, துணைப் பட்டறைகளின் தோற்றமாகும். வாகன ஆலைக்குத் தேவைப்படும் புஷ், தாங்கி, அடைப்பான், அச்சு முதலியவற்றை ‘ஜாப் ஒர்க்’ முறையில் செய்துதரும் சிறு பட்டறைகள் பெருகின. ஆலையில் பழகியவர் வெளியேறி லேத் ஒன்றை வாங்கிப் பட்டறை தொடங்குவதும், அப்பட்டறையில் பழகிய இளைஞர் ஆலைக்குள் நுழைவதும் தொடர்ந்தன. ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட பொருளியல் நூலில் இத்தகைய இடத்தைத் தொழில் வட்டகை என்னும் கருத்தால் விளக்கினார்: ஒரே தொழிலைச் செய்வோர் ஓரிடத்தில் செறியும்போது திறனாளிகளைத் தேடி நிறுவனங்களும், நிறுவனங்களைத் தேடித் திறனாளிகளும் அங்கேயே வந்து சேர்வதால், அவ்விடத்துக்குத் தனி மதிப்பு உண்டாகிறது என்பது அவர் கண்ட உண்மை.

எனினும் ஓசூரின் வரலாற்றில் இவ்வுரைக்கு இன்றியமையாத பகுதி கைக்கடிகாரம் பற்றியது. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் இணைந்து 1984இல் உருவாக்கிய டைட்டன் வாட்சஸ், தன் ஆலையை ஓசூரில் அமைத்தது. கடிகாரத் தொழிலில் அனுபவம் உள்ளவர்களை மட்டுமே நம்பியிருந்தால் அந்நிறுவனம் பெங்களூருவையே நாடியிருக்க வேண்டும், ஏனெனில் பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1960களின் தொடக்கத்திலிருந்து அங்கே கைக்கடிகாரம் செய்துவந்தது. டைட்டனோ, தொழிற்சாலையின் உட்புறத்தையே பார்த்திராத, பள்ளிப் படிப்பை முடித்த கிராமப்புற இளையோரைத் தேர்ந்து, விரல்களின் நுணுக்கத்தையும் கவனத்தையும் சோதித்து, நகர வாழ்க்கைக்குப் புதியவர்களான அவர்களுக்குத் தங்குமிடமும் பராமரிப்பும் ஏற்பாடு செய்து, வேலையைக் கற்பித்தது. இத்தேர்வின் ஆழ்ந்த பொருள் ஊன்றி நோக்கத்தக்கது. அன்று அவ்வட்டாரத்தில் கடிகாரத் திறன் இல்லை. அதைக் கற்கும் தகுதி இருந்தது. நல்ல பள்ளி ஆசிரியர்கள், சோதித்துப் பார்க்க ஒப்பிய நிறுவனம், பயிற்சிக்காலம் முழுவதும் காத்திருக்கும் பொறுமை ஆகிய மூன்றும் சேர்ந்து அத்தகுதியைத் திறனாக மாற்றின.

அத்திறன் எந்த உயரத்தை எட்டியது என்பதற்கு 2002இல் வெளிவந்த டைட்டன் எட்ஜ் சான்று. 1.15 மில்லிமீட்டர் தடிப்புள்ள இயக்கப் பொறியும், மொத்தத்தில் 3.5 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட அக்கடிகாரம் உலகின் மிக மெலிந்த கைக்கடிகாரங்களின் வரிசையில் நின்றது. ஊர்ப்புறப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் இரண்டு பத்தாண்டுகளுக்குள் அத்தகைய உருவாக்கத்துக்குரிய ஆலையைத் தம் கைகளால் நடத்தியதை அவையோர் பெருமிதத்தோடு நினைவிற்கொள்ள வேண்டும். அத்திறன் கடிகாரத்தோடு நின்றுவிடவுமில்லை. நுண்ணளவில் வேலை செய்யும் பழக்கம் நகை உற்பத்திக்கும், பின்னர் அந்நிறுவனத்தின் பொறியியல் பிரிவு வழியாக வானூர்தி உறுப்புகளுக்கும் தானியங்கி இயந்திர அமைப்புகளுக்கும் விரிந்தது. ஒரு பொருளுக்காகக் கற்ற திறன் வேறொரு பொருளுக்கு இடம்பெயரக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று தமிழகத்தில் அரிது. இன்று மின்னணுக் கருவிகளின் உறுப்புகளைச் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஓசூரை ஒட்டிய பகுதியில் பெரும்பாலும் பெண்களைக் கொண்டு இயங்குவதையும், 2021இல் ஓலா நிறுவனம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் மின் ஸ்கூட்டர் ஆலையைத் தொடங்கியதையும் இத்தொடர்ச்சியில் வைத்தே காண வேண்டும். ஆயினும் ஓசூரைப் பற்றிய விளம்பரங்களில் இந்த வரலாறு இடம்பெறுவது குறைவு. இடம்பெறுவது தட்பவெப்பமும் பெங்களூருவின் அண்மையுமே.

3. ஸ்பார்ட்டன்பர்க்: ஒரு பாடமும் ஓர் எச்சரிக்கையும்

தன் தொழிலாளரை முன்வைத்தே நிறுவனங்களை ஈர்த்த சிறுநகரத்துக்கு உலக அளவில் எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்து ஸ்பார்ட்டன்பர்க்கைச் சுட்டலாம். 2020 கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் 40,000 பேர்கூட இல்லாத அவ்வூர், பஞ்சாலைகளை நம்பி வாழ்ந்தது. பஞ்சாலைகள் இருந்ததால் அவற்றுக்கு இயந்திரம் விற்கும் ஜெர்மானிய, சுவிட்சர்லாந்து நிறுவனங்களுக்கு அவ்வூர் வாடிக்கையாளர்களின் ஊராக இருந்தது. உள்ளூர் வணிகர் மன்றத்தை நெடுங்காலம் நடத்திய டிக் டுக்கி அந்த உறவைப் பிடித்துக்கொண்டு, விற்க வந்தவர்களை அங்கேயே ஆலை அமைக்கத் தூண்டினார். அவருக்குத் துணையாக அமைந்தது, ஆளுநர் எர்னஸ்ட் ஹாலிங்ஸ் காலத்தில் 1961இல் மாநிலம் தொடங்கிய தொழில்நுட்பக் கல்வித் திட்டம். அதன் ஒரு கூறாகிய தனிப்பயிற்சி முறையில், வரவிருக்கும் நிறுவனத்தின் வேலைகளை முன்கூட்டியே ஆராய்ந்து, அந்நிறுவனத்தின் இயந்திரங்களைக் கொண்டே, அதற்குச் செலவின்றி உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. ஆலை திறக்கும் நாளில் வேலை தெரிந்தவர்கள் ஆயத்தமாக இருந்தனர். இவ்வாறு படிப்படியாக வளர்ந்த நம்பிக்கையின் பின்புலத்தில்தான் பி.எம்.டபிள்யூ. 1992இல் அவ்வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்ததையும், 1994இல் அங்கே முதற் காரைச் செய்ததையும் புரிந்துகொள்ள வேண்டும்.

பாடம் தெளிவானது: அவ்வூர் திறனைப் பற்றிப் பேசியதோடு நில்லாமல், திறனை உண்டாக்கும் ஏற்பாட்டையே கண்ணெதிரே நிறுத்திக் காட்டியது. எச்சரிக்கையும் அதே அளவு தெளிவானது. அதே மாநிலம் தொழிற்சங்கம் வலுவற்றிருப்பதையும் கூலி குறைந்திருப்பதையும் தன் கவர்ச்சியாக நெடுங்காலம் சொல்லிவந்தது. கூலிக் குறைவைக் காட்டி அழைக்கப்பட்ட தொழில் அதைவிடக் குறைந்த கூலியைத் தேடிப் போகும் என்பதை அவ்வட்டாரத்துப் பஞ்சாலைகளே மெய்ப்பித்தன. வடக்கிலிருந்து குறைந்த கூலிக்காகத் தெற்கே வந்த நெசவுத் தொழில், பின்னர் அதே காரணத்தால் கடல் கடந்தது. திறனைக் காட்டி அழைக்கும் ஊர், கூலிக் குறைவையும் அதே தாளில் அச்சிட்டால், இரண்டாவது வரி முதல் வரியை அழித்துவிடும்.

4. பயிற்சியின் செலவை ஏற்பவர் யார்

கேரி பெக்கர் 1964இல் வெளியிட்ட மனித மூலதனம் பற்றிய நூலில் பயிற்சியை இருவகைப்படுத்தினார். எந்த நிறுவனத்துக்குச் சென்றாலும் பயன்படும் பொதுப் பயிற்சி ஒன்று. ஒரு நிறுவனத்துக்குள் மட்டுமே பயன்படும் தனிப் பயிற்சி மற்றொன்று. பொதுப் பயிற்சிக்கு நிறுவனம் தன் பணத்தைச் செலவிடத் தயங்கும், ஏனெனில் பயிற்சி பெற்றவரை அடுத்த நிறுவனம் கூடுதல் ஊதியம் கொடுத்து அழைத்துக்கொள்ளும். ஓசூருக்கு இது ஏட்டுக் கோட்பாடு மட்டும் அன்று. கர்நாடகத்தின் பொம்மசந்திராவும் எலக்ட்ரானிக் சிட்டியும் அன்றாடப் பேருந்துப் பயணத் தொலைவில் இருப்பதால், ஓசூரில் தேறிய சி.என்.சி. ‘செட்டர்’, அதாவது கணினி வழி இயங்கும் இயந்திரத்துக்குக் கருவிகளை அமைத்து முதல் துண்டின் அளவைச் சரிபார்த்துக் கொடுக்கும் தேர்ந்த தொழிலாளர், எல்லை கடந்து வேலை மாறுவது எளிது. இயந்திரத்தில் துண்டை மாட்டி எடுக்கும் ஆபரேட்டரைச் சில வாரங்களில் உருவாக்கலாம். செட்டரை உருவாக்க ஆண்டுகள் ஆகும். நிறுவனங்கள் தேடுவது செட்டரை, ஊர்கள் எண்ணிக் காட்டுவது ஆபரேட்டரை.

அரசின் பங்கு இங்கே குறைவன்று. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ், 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனங்கள் தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை அமர்த்த வேண்டும். தமிழ்நாடு அரசு 2022இல் நான் முதல்வன் என்னும் திறன் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது; டாடா டெக்னாலஜிஸுடன் இணைந்து, 2,877 கோடி ரூபாய் மதிப்பில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீன இயந்திரங்களோடு தொழில் 4.0 மையங்களாக மேம்படுத்தும் பணியையும் மேற்கொண்டது. போற்றத்தக்க முயற்சிகள் இவை. ஆனால் பழகுநர் முறை இரு விதமாக நடைபெறக்கூடும்: பழகுநர் ஓராண்டில் வேலை கற்று நிலையான பணிக்கு உயர்வது ஒன்று, குறைந்த உதவித்தொகையில் அவரைக் கொண்டு உற்பத்தியை நடத்தி, காலம் முடிந்ததும் அனுப்பிவிட்டு அடுத்த அணியை அழைப்பது மற்றொன்று. இரண்டாவது முறை பரவும் ஊரில் ஒவ்வோர் ஆண்டும் திறன் தொடக்கப் புள்ளிக்கே திரும்புகிறது. ஒப்பந்தத் தொழிலாளரை ஆண்டுக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருந்துவிட்டு, திறனாளர் கிடைக்கவில்லை என்று குறைகூறும் நிறுவனத்துக்கு ஊர் பணிவோடும் உறுதியோடும் சொல்ல வேண்டிய விடை, அவர்களை வளரவிடாமல் அனுப்பியது யார் என்பதே.

ஜெர்மனியில் இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வு இங்கே நினைக்கத்தக்கது. அங்கே பழகுநர் வாரத்தின் ஒரு பகுதியைப் பள்ளியிலும் பெரும்பகுதியை ஆலையிலும் கழிக்கிறார். இறுதித் தேர்வை நடத்துவதோ வட்டாரத் தொழில் வணிக மன்றத்தின் தேர்வுக்குழு, அதில் வேலை தருவோரும் தொழிலாளரும் ஆசிரியரும் இடம்பெறுகின்றனர். பயிற்றுவித்தவரே தேர்வாளராகவும் இராததால், அந்தச் சான்றிதழ் ஊரின் வாக்குறுதியாக நிற்கிறது.

5. தொழிலாளரின் வாழ்வும் அறிக்கையின் பகுதியே

வீட்டைவிட்டு வந்து வேலை செய்யும் இளம்பெண் எட்டு மணி நேரம் நுண்ணிய உறுப்புகளைப் பொருத்துவதற்குத் தேவையான கவனம், அவர் முந்தைய இரவு எங்கே, எவ்வாறு உறங்கினார் என்பதைப் பொறுத்தது. இது இரக்கத்தின்பாற்பட்ட சொல்லாகத் தோன்றினும் உற்பத்திக் கணக்கின்பாற்பட்டதே. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் சிப்காட் வளாகத்தில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது, உறைவிடமும் தொழிற்கட்டமைப்பின் ஒரு பகுதி என்பதை அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளம். ஓசூர் போன்ற ஊர்களில் வாடகை ஏறும் வேகமும், பணிநேர மாற்றத்துக்கேற்ற பேருந்து வசதியும், குழந்தை பெற்றபின் வேலைக்குத் திரும்ப நினைக்கும் பெண்ணுக்குக் காப்பக வசதியும் திறன் நிலைப்பதை முடிவு செய்கின்றன. திருமணத்தோடு வேலையை விட்டு நீங்கும் பெண்ணோடு ஊரின் பல ஆண்டுப் பயிற்சியும் நீங்குகிறது என்பதை எந்தப் புள்ளிவிவரப் பட்டியலும் இதுவரை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

6. ஓர் ஊர் வெளியிட வேண்டிய ஆவணம்

மேற்கூறியவற்றின் அடிப்படையில், மாநகராட்சியும் அரசு ஐ.டி.ஐ.யும் சிறுதொழில் சங்கமும் தொழிற்சங்கங்களும் கூட்டாக ஆண்டுதோறும் வெளியிடத்தக்க திறன் ஆவணம் ஒன்றை இவ்வுரை பரிந்துரைக்கிறது. மாநில அளவில் 1992 முதல் முதலீட்டாளர்களுக்கு வழிகாட்டிவரும் கைடன்ஸ் தமிழ்நாடு அமைப்பின் கையில் இவ்வாவணம் இருந்தால், ஓசூரைப் பற்றிக் கேட்பவருக்கு அது நில வரைபடத்தோடு சேர்த்து இதையும் கொடுக்கும்.

அதில் பிரிவுவாரியாக எத்தனை பேர் எந்த அளவு நுணுக்கத்தில் வேலை செய்கின்றனர் என்பது, 0.1 மில்லிமீட்டர், 0.01 மில்லிமீட்டர் என்பன போன்ற பிழை வரம்புகளில் குறிக்கப்பட வேண்டும்; ‘திறன்மிக்க’, ‘உலகத்தரம் வாய்ந்த’ என்னும் அடைமொழிகளுக்கு அங்கே இடமில்லை. அவ்வாண்டு தேறிய மாணவர்கள் செய்த துண்டுகள் பெயர் மறைத்து எண்ணிடப்பட்டு, ஐ.டி.ஐ.யின் காட்சிப் பேழையில் மைக்ரோமீட்டரோடு வைக்கப்பட வேண்டும். வருகை தரும் நிறுவனத்தின் பொறியாளர் விரும்பும் துண்டை எடுத்துத் தாமே அளந்து பார்க்கலாம், விரும்பினால் தம் வரைபடம் ஒன்றைக் கொடுத்து அங்கேயே ஒரு துண்டைச் செய்யச் சொல்லலாம். சென்ற மூன்றாண்டுகளில் தேறியவர்கள் இன்று எங்கே, எந்த ஊதியத்தில், நிலையான பணியிலா ஒப்பந்தத்திலா இருக்கின்றனர் என்பதும் அவர்களின் ஒப்புதலோடு தொகுத்துத் தரப்பட வேண்டும்.

ஊதியத்தை எழுதும் பக்கத்தில் இவ்வூரின் செட்டர், கருவி அச்சுத் தொழிலாளர், பற்றவைப்பவர் ஆகியோர் பெறும் நடப்பு ஊதியம் வெளிப்படையாக அச்சிடப்படுவது நல்லது. அதைப் பார்த்து விலகும் நிறுவனம் திறனைத் தேடி வந்த நிறுவனம் அன்று. அது வேறிடம் செல்வதால் ஊருக்கு இழப்பில்லை.

இல்லாதவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கப்பட வேண்டும், அப்பக்கத்தை எழுதுவதே கடினமானது. இவ்வூரில் இன்ன வகை அச்சுக் கருவி செய்வோர் இல்லை, இன்ன வகைப் பற்றவைப்பில் தேர்ந்தவர் மிகக் குறைவு, அவர்களை உருவாக்க இத்தனை மாதங்களும் இன்ன இயந்திரங்களும் தேவை, அவற்றுள் இன்னது ஊரின் பொறுப்பு, இன்னது வரும் நிறுவனத்தின் பொறுப்பு என்று ஊர் எழுதித் தருமாயின், மற்றப் பக்கங்களில் சொல்லப்பட்டவை யாவும் நம்பத்தக்கவையாகும். 1980களில் கடிகாரம் செய்யத் தெரிந்தவர் இல்லாத வட்டாரத்திலிருந்தே கடிகாரத் தொழிலாளர் உருவாயினர் என்னும் வரலாறு அந்தப் பக்கத்துக்கு முன்னுரையாக அமையலாம். ஆவணத்தில் ஐ.டி.ஐ. முதல்வரும், சிறுதொழில் சங்கத் தலைவரும், தொழிலாளர் சார்பில் ஒருவரும் கையொப்பமிட வேண்டும். மூவரில் ஒருவர் மறுத்தாலும் அவ்வாண்டு அது வெளிவரக் கூடாது.